மணியாகிவிட்ட மன்றாட்டு

ஆங்கிலத்தில் 'பீட்' என்றால் மணி. பாசிமணியையும், நெற்றியில் அரும்பும் வியர்வைத் துளியையும் கூட அச்சொல்லால் குறிப்பர். ஆயினும் பழைய ஆங்கிலத்தில் அது 'யெபெட்' என வழங்கிய நாளில் அதன் பொருள் செபம் என்பதே. மணியைப் பற்றிய எண்ணமே அதில் இல்லை.

இம்மாற்றத்தை விளைவித்தவை செபிப்போரின் விரல்களே. பரலோக மந்திரத்தை எத்தனை முறை சொன்னோம் என்று கணக்கிட, அக்கால மக்கள் மணிகளைக் கோத்து உருட்டினர். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கோடிவா சீமாட்டி, தாம் செபம் எண்ணிய இரத்தினச் சரத்தைக் கோவென்ட்ரி மடத்தின் மாதா சுரூபத்திற்கு அணிவிக்க விட்டுச் சென்றார் என மால்ம்ஸ்பரி வில்லியம் எழுதிவைத்துள்ளார். ஒரு மணிக்கு ஒரு செபம். நாளடைவில், செபங்களை எண்ணுகிறார் என்று சொன்னால் மணிகளை எண்ணுகிறார் என்றே கேட்போர் கொண்டனர்.

1538இல் எட்டாம் ஹென்றியின் ஆணை, பொருளுணராது மணியுருட்டும் வழக்கத்தைக் கண்டித்தது. செபம் அச்சொல்லைவிட்டு நீங்கிய பழியை அம்மன்னன் மீது சுமத்த நமக்கு ஆசை எழலாம். அது நியாயமன்று. அவன் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே, 14ஆம் நூற்றாண்டில், பக்தர்களின் கைகளிலேயே சொல் மணிக்கு உரியதாகிவிட்டது.

பழைய பொருள் தங்கிய இடம் ஒன்றுண்டு. கொடையாளருக்காகச் செபிக்கும் கடமை பூண்ட ஏழைக்குப் 'பீட்ஸ்மேன்' என்று பெயர். சீர்திருத்தச் சபை வேரூன்றிய ஸ்காட்லாந்திலும், மன்னரின் பீட்ஸ்மேன்கள் நீல அங்கியணிந்து 19ஆம் நூற்றாண்டு வரை இரந்துண்டனர். மன்னரின் வயது எத்தனையோ அத்தனை பேர். ஆண்டுக்கு ஒருவர் கூடுவார்.