ஊழியம் செய்த கைம்பெண்கள்: தென்கோடி மிஷன் கிராமங்களில் நோயாளர் பணி வளர்ந்த விதம்

தென் தமிழகத்துச் சீர்திருத்தத் திருச்சபை வரலாறுகளில் கைம்பெண் பெரும்பாலும் வாங்குகிறவளாகவே வருகிறாள். சபைத் தருமத்தில் அரிசியும் சேலையும் வாங்குவாள். நோயில் கிடக்கும்போது யாரோ வந்து ஜெபித்துவிட்டுப் போவார்கள். கணக்கேட்டில் அவளுக்கு உரிய இடம் செலவுப் பக்கம். ஆனால் திருநெல்வேலியிலும் தென் திருவிதாங்கூரிலும் நோயாளர் வீடுகளுக்கு நடந்து போனவர்கள் யார் என்று தேடினால், அதே கைம்பெண்தான் அடிக்கடி எதிர்ப்படுகிறாள். இந்தப் பணி அவள் கைக்கு வந்ததையும், பிற்பாடு கைமாறியதையும் இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது.

திருநெல்வேலிச் சபையின் தொடக்கமே ஒரு கைம்பெண்ணிடம்தான் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை ஒருவர், லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு பாளையங்கோட்டைக்கு வந்து வாழ்ந்தார். அவர்கள் முறைப்படி மணந்தவர்கள் அல்லர் என்பதால் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முதலில் மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின், 1778இல், குளோரிந்தா என்ற பெயரில் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருக்கும் 40 பேரில் முதல் பெயர் அவருடையது. அவர் முன்னின்று கட்டிய கோயிலை 1785இல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். ஊர் மக்கள் இன்றும் அதைப் பாப்பாத்தி கோயில் என்றுதான் சொல்கிறார்கள். பிரதிஷ்டை செய்தவர் பெயர் புத்தகங்களில் முன்னால் நிற்கிறது, கட்டியவர் பெயர் ஊர்வாயில் நிற்கிறது. குளோரிந்தாவிடம் பணமும் அதிகாரிகளின் பழக்கமும் இருந்தன என்பதை மறக்கக் கூடாது. அவருக்குப் பின் வந்த கைம்பெண்களிடம் இரண்டும் இல்லை.

அவர்கள் சாத்தான்குளம், திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து வந்தவர்கள். அங்கே பனையேற்றம்தான் பிழைப்பு. பருவத்தில் ஒரு நாளைக்குப் பல மரம் ஏறி இறங்குகிற தொழிலில் கால் தவறினால் சாவு, அல்லது ஆயுசுக்கும் படுக்கை. வாந்திபேதி வந்த ஆண்டுகளில் வீடுகளே காலியாயின. கிறிஸ்தவர்கள் ஆனதற்காக விரட்டப்பட்டவர்களுக்கென்று 1799இல் தாவீது சுந்தரானந்தம் முயற்சியில் முதலூர் என்ற குடியிருப்பு எழுந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயரின் காலத்தில், 1830இல், தர்ம சங்கம் தோன்றி இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கு நிலம் வாங்கியது. புதுக் குடியிருப்பில் உறவும் பங்காளியும் விட்டுப்போன நிலையில், ஆதரவற்றவர்களைப் பார்க்கும் பொறுப்பு சபையின் தலையில் விழுந்தது. சபைக் குடும்பங்களில் உலை வைக்கும்போது கலயத்தில் எடுத்துவைத்த பிடியரிசி இந்தத் தேவைக்கும் போயிற்று. வெளிநாட்டுச் சங்கங்களின் நன்கொடையை எண்ணி எழுதிய கைகள் இந்த அரிசியை அத்தனை கவனமாக எழுதவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மிஷனெரிகள் தங்கள் நாட்டுக்கு எழுதிய கடிதங்களில் வரும் ‘இந்திய விதவை’ மொட்டையடிக்கப்பட்டு மூலையில் உட்காரும் மேல்சாதிப் பெண். பனங்காட்டுக் குடும்பங்கள் பலவற்றில் அறுத்துக்கட்டும் வழக்கம் இருந்தது. புருஷன் செத்தவள் மறுபடி கட்டிக்கொள்ளலாம், உழைத்துக் கஞ்சி குடிக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் சமூக உயர்வு நாடிய குடும்பங்களில் அந்த வழக்கம் மரியாதைக்குறைவாகப் படத் தொடங்கியது. படிப்பும் சபைப் பதவியும் பெற்ற குடும்பத்துக் கைம்பெண் மறுமணமும் செய்யாமல், கூலிக்கும் போகாமல் வீட்டில் தங்கினாள். ஊழியத்துக்கு ஆள் கிடைத்தது இந்த மாற்றத்தின் ஒரு விளைவு என்றே நினைக்கிறேன்.

மருத்துவம் வேறொரு வழியில் வந்து இதோடு சேர்ந்தது. நெய்யூரில் 1838இல் ராம்சே என்ற மருத்துவர் லண்டன் மிஷனுக்காகத் தொடங்கிய பணி நீடிக்கவில்லை. பின்னர் வந்த லீச் 1854இல் கடலில் குளிக்கப் போய் மூழ்கி இறந்தார். 1861இல் வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்றுக்கொடுத்துக் கிளை மருந்தகங்களுக்கு அனுப்பினார். நாசரேத்தில் 1870இல் ஸ்ட்ராச்சன் தொடங்கிய மருத்துவமனையை மர்காஷிஸ் ஐயர் வளர்த்தார். மருந்து கொடுத்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பிள்ளைப்பேற்று வலியையோ மார்க்கட்டியையோ ஆண் டாக்டரிடம் காட்டக் குடும்பங்கள் எளிதில் சம்மதிக்கமாட்டா. வீட்டுக்குள் போக ஒரு பெண் வேண்டியிருந்தது.

அந்தப் பெண் வேதாகம ஸ்திரீ. பேச்சுவழக்கில் ‘பைபிள் உமன்’. 1857இல் லண்டனின் ஏழைத் தெருக்களுக்காக எலன் ரன்யார்ட் அமைத்த ஏற்பாடு இங்கே வந்தபோது முற்றிலும் வேறாகிவிட்டது. இளம் மனைவி தனியாகத் தெருவில் போனால் ஊர் பேசும். வயது கடந்த கைம்பெண் போனால் பேசாது. ஆகவே கைம்பெண்களையே சபைகள் விரும்பித் தேர்ந்தன. வேதம் வாசிக்கவும் எழுத்துக் கற்றுக்கொடுக்கவும் அனுப்பப்பட்டவர்கள், போன வீட்டில் காய்ச்சல் கண்டவளுக்குக் கஞ்சி வைத்தார்கள். பிள்ளை பெற்றவளை ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றச் சொல்லி மாமியாரோடு மல்லுக்கு நின்றார்கள். அவர்களுக்குச் சிறு சம்பளம் இருந்தது. அதனால் அவர்களைத் தொண்டர்கள் எனச் சொல்லலாகாது என்பார் உண்டு. மிஷனெரியும் சம்பளம் வாங்கியவரே. அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

1876–78 பஞ்சம் அநாதைகளையும் விதவைகளையும் ஒருசேரப் பெருக்கிற்று. கஞ்சித்தொட்டிக்கு வந்தவர்களில் பல்லாயிரம் பேர் சபையில் சேர முன்வந்தார்கள். 

இப்படி ஊழியம் செய்த கைம்பெண்களில் பெயரோடு பதிவானவர் பொன்னம்மாள். சிறுவயதில் கணவனை இழந்து மாமனார் வீட்டில் இருந்தவர். 1890களின் இறுதியில் பண்ணைவிளையில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் திரட்டிய பெண்கள் குழுவில் சேர்ந்து, மாட்டுவண்டியில் ஊர் ஊராகப் போனார். நகைகளைக் கழற்றி வைப்பதில் குழுவுக்கு வழிகாட்டியவர் அவரே. நகை குடும்பத்தின் மானம் என்று கருதிய ஊரில், சொந்தச் சனமே அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டது. பின்னர் டோனாவூரில் கார்மைக்கேல் நடத்திய இல்லத்துக்கு வந்த கைக்குழந்தைகளுக்கு வைத்தியம் பக்கத்தில் வேண்டும் என்று நெய்யூரில் காப்பகம் அமைத்தபோது, அதை நடத்தியவரும் அவர். இரவு முழுக்கக் கைக்குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும் வேலையைப் படித்த, நல்ல குடும்பத்துப் பெண்கள் ஆயா வேலை என்று ஒதுக்கிய காலம் அது. அவர் அதைத் தாமே செய்து பிறரையும் செய்யவைத்தார். 1915இல் புற்றுநோயால் இறந்தார். கார்மைக்கேல் அவர் வாழ்க்கையை எழுதி 1918இல் வெளியிட்டார். அந்தப் புத்தகம் மட்டும் இல்லையென்றால் அவரும் பதிவேட்டில் ஒரு பெயராகவே நின்றிருப்பார்.

அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அப்படிப்பட்ட பள்ளிகள் பெருகப் பெருக, நோயாளிப் பராமரிப்பு சான்றிதழும் சீருடையும் உள்ள தொழிலாயிற்று. அதற்குப் பள்ளிப் படிப்பு முடித்த, மணமாகாத இளம்பெண்கள் வந்தார்கள். நாற்பது வயதுக் கைம்பெண்ணுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. மருந்தும் கட்டுப்போடுவதும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர, அவளிடம் ஜெபமும் வீடு சந்திப்பும் மிஞ்சின. இன்று சேகரங்களில், அதாவது திருச்சபை வட்டாரங்களில், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நோயாளர் வீடுகளுக்குப் போவது அந்த மிச்சத்தின் தொடர்ச்சி. சம்பளம் மட்டும் நின்றுவிட்டது.