இருட்டறைக்குள் புகுந்த ஒளி

துன்பம் நீடித்து நிற்பதற்குரிய காரணங்களுள் ஒன்று, அது இருளில் கிடப்பதாகும். பட்டப்பகலில் கடைத்தெருவில் ஒருவன் மயங்கி விழுந்தால் பத்துப் பேர் ஓடி வருவர். இரவில், சன்னலற்ற ஓர் அறைக்குள், பன்னிரண்டு பேர் தரையில் நெருங்கிப் படுத்து மூச்சு முட்டுவதை எவர் காண்பர்? கண்டவன் ஒருவன் வந்து சொன்னாலும், “இவன் மிகைப்படுத்துகிறான்” என்று கூறி, வசதி படைத்தோர் போர்வையை இழுத்துக் கொள்வர். சொல்லை மறுத்தல் எளிது. கண்ணால் கண்டதை மறுத்தல் அவ்வளவு எளிதன்று.

இருளில் கிடந்ததைக் கண்ணுக்குக் காட்டிய கருவி ஒன்றுண்டு. இன்று நாம் திருமண வீட்டிலும் பிறந்தநாள் விருந்திலும் விளையாட்டுப் பொருள்போற் கருதும் பிளாஷ் விளக்கே அது. அதன் வரலாற்றை அறிந்தோர் நம்மிற் சிலரே. ஆதலின் அதனைச் சிறிது ஆராய்வோம்.

சூரியனுக்கு அடிமைப்பட்ட கலை

புகைப்படக் கலை 1839-ஆம் ஆண்டில் உலகறியத் தோன்றியது. தோன்றிய நாள் தொட்டு அது சூரியனுக்கு அடிமையாகவே இருந்தது. தகடுகள் ஒளியை மெல்ல மெல்லவே ஏற்றன. வெயில் இல்லையேல் படம் இல்லை. வெயில் புகாத இடங்களோ, சுரங்கம், நிலவறை, ஏழையின் வீடு ஆகியவை.

பாரிஸ் நகரத்தில் நதார் என்ற புனைபெயர் பூண்ட கலைஞர் ஒருவர் இத்தளையை அறுக்க முயன்றார். 1861-ஆம் ஆண்டில் அவர் அந்நகரின் அடியிலுள்ள எலும்பு நிலவறைகளுக்குள் மின்கலங்களால் எரியும் வில்விளக்கைக் கொண்டு படமெடுத்தார். ஒரு படத்திற்குப் பதினெட்டு நிமிடம் வரை தகட்டைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அத்தனை நேரம் அசையாதிருக்கும் மனிதன் எங்குளன்? எனவே, அங்கு வேலை செய்யும் தொழிலாளிக்குப் பதிலாக, அவனுடைய உடையை அணிவித்த பொம்மைகளை நிறுத்திப் படமெடுத்தார். நிலத்தடித் தொழிலைக் காட்டும் அம்முதற் படங்களில் உயிருள்ள தொழிலாளிக்கு இடமில்லாமற் போயிற்று.

பின்னர் மக்னீசியம் வந்தது. இவ்வெள்ளிய உலோகத்தின் கம்பியைக் கொளுத்தினால், கண் கூசும் வெண்ணொளி எழும். 1864-இல் மான்செஸ்டரில் ஆல்பிரட் பிரதர்ஸ் என்பார் அவ்வொளியில் மனித உருவத்தைப் படமெடுத்தார். மறு ஆண்டில் பியாசி ஸ்மித் என்ற வானநூற் புலவர் எகிப்து சென்று, பெரிய பிரமிடின் உள்ளறைகளை அவ்வொளி கொண்டே படம் பிடித்தார். 1867, 68-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நெவாடாப் பகுதியில் டிமதி ஓசல்லிவன், வெள்ளிச் சுரங்கத்தின் ஆழத்தில் வேலை செய்த மக்களைப் படமெடுத்தார். ஆயினும் கம்பி விலையுயர்ந்தது, எரிய நேரமாயிற்று, வெண்புகை அறையை நிறைத்தது. ஓர் இமைப்பொழுதில் எல்லாவற்றையும் காட்டும் ஒளி இன்னும் பிறக்கவில்லை.

மின்னற் பொடி

அது 1887-இல் ஜெர்மனியில் பிறந்தது. அடால்ப் மீதே, யோஹன்னஸ் கேதிக்கே என்னும் இருவர், மக்னீசியப் பொடியைப் பொட்டாசியம் குளோரேட்டுடனும் ஆன்டிமனி சல்பைடுடனும் கலந்தனர். மக்னீசியம் எரிபொருள், குளோரேட்டு அதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தானே வழங்குவது. ஆதலின் கலவை காற்றுக்குக் காத்திராது ஒரே கணத்தில் பற்றி எரிந்தது. ‘மின்னல் ஒளி’ என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். மின்னல் மட்டுமன்று, இடியும் அதனுள் இருந்தது. கலக்கும்போதே வெடித்துக் கையையும் கண்ணையும் இழந்தோர் உளர்.

இக்கண்டுபிடிப்பைப் பற்றிய சிறு செய்தியொன்று கடல் கடந்து நியூயார்க்குப் பத்திரிகையில் வெளிவந்தது. அதனைக் காலையுணவின்போது படித்த ஒருவர், தாம் தேடிக்கொண்டிருந்தது இதுவே என்று துள்ளியெழுந்தார். அவர் பெயர் ஜேக்கப் ரீஸ்.

பசியறிந்த நிருபர்

ரீஸ் 1849-இல் டென்மார்க்கு நாட்டில் ரீபே என்னும் ஊரிற் பிறந்தவர். தச்சுத் தொழில் கற்றவர். 1870-இல் பிழைப்பு நாடி அமெரிக்கா சென்றார். வேலையின்றித் தெருவில் அலைந்தார், பசியால் வாடினார், வீடற்றோர்க்காகப் போலீஸ் நிலையங்களில் விடப்பட்டிருந்த அழுக்கறையிலும் ஓரிரவு படுத்தார். நம் முன்னோர் கப்பலேறி வந்து கரையிறங்கிய கதையை வீட்டிற் கேட்டு வளர்ந்தோர்க்கு, இவ்வரலாறு புதிதாகத் தோன்றாது.

1877-இல் ‘டிரிபியூன்’ பத்திரிகையின் போலீஸ் நிருபரானார். மல்பெரித் தெருவில் அவர் அலுவலகம். இரவு தோறும் அச்சேரிகளின் வழியே நடந்து சென்றார், கண்டதை எழுதினார். நகரம் படித்தது, பின் மறந்தது. ஆண்டுகள் பத்துக் கழிந்தன. சொல்லுக்குச் சான்றாக நிற்கும் ஒன்று வேண்டுமென்று ஏங்கிய வேளையிலேதான் அம்மின்னற் பொடியின் செய்தி அவர் கைக்கு வந்தது.

சுகாதார இலாகாவைச் சேர்ந்த ஜான் நேகல் என்ற மருத்துவரையும், படமெடுக்கக் கற்ற நண்பர் சிலரையும் கூட்டிக்கொண்டு, நள்ளிரவில் சேரிக்குட் புகுந்தார். முதலில் பொடியைத் தோட்டாவில் அடைத்துக் கைத்துப்பாக்கி போன்ற கருவியாற் சுட்டனர். துப்பாக்கியுடன் அந்நியர் சிலர் இரவில் அறைக்குள் நுழைந்தால் உறங்குவோர் யாது செய்வர்? அலறிச் சன்னல் வழியே ஓடினர். ஆகவே துப்பாக்கியை விடுத்து, வாணலியிற் பொடியைப் பரப்பிக் கொளுத்தும் முறையை ரீஸ் கைக்கொண்டார். அப்பொறியால் இருமுறை வீட்டிற்கும் ஒருமுறை தமக்கும் தீ வைத்துவிட்டதாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார். பார்வையற்றோர் ஐவர் இருந்த மாடியறை ஒன்றில் சுவரிலே தீப்பற்ற, தனியே நின்று அதனைப் போராடி அணைத்தார். பிறகு ஒரு போலீஸ்காரரிடம் அதைக் கூறியபோது, அவ்வீடு முன்னரே பலமுறை பற்றியும் எரியவில்லை, சுவரிற் படிந்த அழுக்கின் கனமே தீயை அவித்துவிடும் என்று அவர் நகைத்தாராம். அந்நகைப்பில் ஒரு நகரத்தின் நிலைமை முழுதும் அடங்கியிருக்கிறது.

பேயர்டு தெருவில் அவர் எடுத்த படம் புகழ்பெற்றது. பதின்மூன்று அடிக்கும் குறைந்த அறை. அதில் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர். ஓர் இரவு தரையிற் படுக்க ஐந்து காசு வாடகை. ஒளி விழுந்த கணத்தில் உறக்கம் கலைந்து விழித்த கண்கள், மூட்டை முடிச்சுகள், சுவரின் கறை யாவும் தகட்டிற் பதிந்தன. எழுத்தாளன் எத்தனை பக்கம் எழுதினும் இதனை எட்ட முடியாது.

1888-ஆம் ஆண்டு முதல் இப்படங்களைக் கண்ணாடிப் பலகைகளாக்கி, விளக்கு வைத்துத் திரையிற் காட்டிச் சொற்பொழிவாற்றினார். 1890-இல் ‘மற்றப் பாதியினர் வாழும் விதம்’ என்று பொருள்படும் நூலை வெளியிட்டார். அதனைப் படித்த தியடோர் ரூஸ்வெல்ட்டு, உதவி புரிய வந்தேன் என்று நேரிற் சென்று தெரிவித்தார். பின் அவர் நகரப் போலீஸ் ஆணைக்குழுவின் தலைவரானபோது, ரீஸ் ஒருகாலத்தில் படுத்த அவ்வழுக்கறைகள் 1896-இல் மூடப்பட்டன. மல்பெரி வளைவின் இடிந்த குடியிருப்புகள் அகற்றப்பட்டு, 1897-இல் அங்கே ஒரு பூங்கா திறக்கப்பட்டது. ஒவ்வோர் அறைக்கும் காற்றும் வெளிச்சமும் வேண்டுமென வற்புறுத்தும் குடியிருப்புச் சட்டம் 1901-இல் வந்தது. இவையனைத்தும் ஒரு பொடியினால் விளைந்தனவென்று கூறுதல் மடமை. பலர் உழைத்தனர். ஆயினும் அறியேன் என்று ஒருவரும் சொல்ல முடியாதபடி செய்தது அவ்வொளியே.

ஒளியின் குற்றம்

குணம் கூறியவன் குற்றமும் கூறவேண்டும். ரீஸ் படமெடுத்த மக்களிற் பலரிடம் அனுமதி கேட்கவில்லை. அவர்தம் பெயரும் பெரும்பாலும் நமக்குத் தெரியாது. அவருடைய நூலிலே இத்தாலியர், யூதர், சீனர் ஆகியோரைப் பற்றி, இன இழிவு தோன்றும் வாசகங்கள் பல உள. ஏழையின் அறையைக் காட்டியவர், ஏழையின் மானத்தை எப்பொழுதும் காத்தாரில்லை.

இக்குறையை உணர்ந்து திருந்திய வழியிற் சென்றவர் லூயிஸ் ஹைன். அவர் பள்ளி ஆசிரியர். 1908-ஆம் ஆண்டு முதல் குழந்தைத் தொழிலாளர்க்கான தேசியக் குழுவின் சார்பில், பஞ்சாலை, சுரங்கம், கண்ணாடித் தொழிற்சாலை என எங்கும் சென்றார். முதலாளிமார் உள்ளே விடாதபோது, தீயணைப்புப் பரிசோதகர் என்றும் வேத நூல் விற்போர் என்றும் வேடம் பூண்டு நுழைந்தார். ஆனால் சிறுவரிடம் பெயரும் வயதும் வேலை நேரமும் கேட்டுச் சட்டைப் பைக்குள்ளேயே குறித்துக் கொண்டார். தம் சட்டைப் பொத்தான்களின் உயரத்தை முன்னரே அளந்து வைத்து, எந்தப் பொத்தான் வரை குழந்தையின் தலை எட்டுகிறதென்று பார்த்து உயரம் கண்டார். அவர் எடுத்த படத்தில் இருப்பது பெயருடைய ஒரு குழந்தை.

1916-இல் குழந்தை உழைப்பைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1918-இல் உச்சநீதிமன்றம் அதனைத் தள்ளியது. 1938-இல்தான் நிலைத்த சட்டம் கிடைத்தது. முதற் படத்திற்கும் அச்சட்டத்திற்கும் இடையே முப்பது ஆண்டுகள். ஹைனோ 1940-இல் வறுமையில் இறந்தார்.

பொடியிலிருந்து கைவிளக்கு வரை

1929-இல் ஜெர்மனியில் பிளாஷ் பல்பு விற்பனைக்கு வந்தது. பிராணவாயு நிறைந்த கண்ணாடிக் குமிழுக்குள் அலுமினியத் தகடு எரிந்ததால் புகையுமில்லை, தீப்பயமுமில்லை. ஒரு பல்பு ஒரு படத்திற்கு மட்டும். 1931-இல் அமெரிக்காவில் ஹெரால்டு எட்ஜர்டன் மின்சாரப் பிளாஷை வகுத்தார். மின்தேக்கியிற் சேர்ந்த மின்சாரம் வாயு நிறைந்த குழாய் வழியே ஒரே பாய்ச்சலாய்ப் பாய, விநாடியின் ஆயிரத்திலொரு பங்கிற்கும் குறைந்த நேரம் ஒளிர்ந்து அணையும்; மீண்டும் மீண்டும் ஒளிரும். பிலிம் காமிராவின் தலைமேற் செருகும் தனிப் பிளாஷ் விளக்கு இதன் பேரனாகும்.

அதனைக் கையாள விரும்புவோர் இரண்டு விதிகளை நினைவிற் கொள்க. ஒன்று, தூரம் இரட்டித்தால் ஒளி நாலிலொன்றாகும். ஆகவேதான் விளக்கின் மேல் ஒரு வழிகாட்டி எண் குறிக்கப்பட்டிருக்கும். அதனை ஆள் நிற்கும் தூரத்தால் வகுத்தால், லென்சுத் துவாரத்தின் எண் கிட்டும். நூறு வேகமுள்ள பிலிமுக்கு மீட்டர்க் கணக்கில் எண் 28 எனின், ஏழு மீட்டரில் நிற்பவருக்கு 4; மூன்றரை மீட்டரில் நிற்பவருக்கு 8. மற்றொன்று, திரைச்சீலை போன்ற ஷட்டர் உடைய காமிராவில், குறித்த வேகத்தை மீறலாகாது. மீறினால், ஒளி பாயும் கணத்தில் பிலிமின் ஒரு பகுதியைத் திரை மூடியிருக்கும்.

இவ்விரண்டாம் விதியை நான் கற்றது ஒரு திருமண வீட்டில். தோட்ட அலுவலகத்தில் கிராணியாயிருக்கும் என்னிடம் பழைய பிலிம் காமிராவொன்று உண்டு. அதற்குரிய வேகம் அறுபதிலொன்று; நான் நூற்றிருபத்தைந்தில் வைத்துவிட்டேன். பிலிமைக் கழுவிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் மணமகன் பாதி ஒளியில். மணமகள் பாதி கும்மிருட்டில். பெண் வீட்டார் அதனை மறந்தாரில்லை.

வேறொரு நாள், லயத்து வீடொன்றில் மழை ஒழுகுவதைப் படமெடுத்து மேலிடத்திற்கு அனுப்பலாமென்று, இரவில் அக்காமிராவுடன் சென்றேன். குழந்தைகள் சாக்கின்மேல் உறங்கிக் கொண்டிருந்தன. நான் கருவியை உயர்த்தியபொழுது அவ்வீட்டு மூதாட்டி கையை நீட்டித் தடுத்தார்.

“ஐயா, ஒழுகுவது கூரையா, நாங்களா?” என்றார்.

“கூரைதான், பாட்டி.”

“அப்படியானால் கூரையைப் பிடியுங்கள். பிள்ளைகள் தூங்குகிறார்கள்.”

நான் ரீஸின் வரலாற்றைப் படித்தவன். எனினும் அவர் செய்த பிழையையே செய்யத் துணிந்தேன். விளக்கை மேலே திருப்பினேன். துருப்பிடித்த தகரமும், அதில் விழுந்த ஓட்டைகளும், அடியில் வைத்த வாளியும் தெளிவாய்ப் பதிந்தன. மூதாட்டியும் வாளியருகே வந்து நிமிர்ந்து நின்று, தம் பெயரைப் படத்தின் பின்புறம் எழுதச் சொன்னார். எழுதினேன். அப்படம் மனுவுடன் சென்றது. பதில் வரவில்லை, மறு மாதம் இன்னொரு பிரதி அனுப்பினேன்.

நேயர்களே! இன்று கையடக்கத் தொலைபேசியிலும் ஒரு விளக்குண்டு. அதனால் எவரும் எவ்வறையையும் ஒளியூட்டலாம். ஆதலின் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று: யாரை நோக்கி அவ்வொளியைத் திருப்புகிறோம்? அவரிடம் கேட்டோமா? படமெடுத்தபின் அதனை யாரிடம், எத்தனை முறை கொண்டு சென்றோம்? ரீஸ் முதல் வினாவிற்கு விடை கண்டார். ஹைன் இரண்டாவதற்கும் கண்டார். மூன்றாவதற்கு முப்பது ஆண்டுகள் சென்றன. நம் தோட்டங்களிலும் நகரக் குடியிருப்புகளிலும் எத்தனை ஆண்டுகள் செல்லுமென்பது நம் கையில் இருக்கிறது. சிந்திப்பீர்களாக.