கெட்டவன் வந்த வழி

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து உண்டு. அந்த இரவுகளில் ஒரு காட்சியைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு பேர் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதன் மேல்விளிம்பில் முதலில் கிரீடத்தின் நுனி தெரியும், பிறகு புஜக்கட்டையின் ஓரம். முகவீணை உச்சத்துக்கு ஏறும், மிருதங்கம் அதிரும். தாயின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து உட்காரும். துரியோதனன் வருகிறான்!

அவன் செய்யப்போகும் அநியாயம் கூட்டத்தில் ஒருவருக்கும் புதிதில்லை. ஆனாலும் அந்த வேடத்தைத் தேர்ந்த ஆட்டக்காரர்தான் கட்டுவார். பதினெட்டாம் போரன்று ஊர்ப் பொதுவெளியில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமன் அவன் தொடையில் அடிப்பான், திரௌபதி சபதம் தீர்ந்து கூந்தல் முடிப்பாள். அதோடு கூத்து முடிவதில்லை. செத்தவனுக்காக ஒப்பாரி எழும். அதர்மம் தோற்றது என்று மகிழ்ந்த அதே கண்கள் கலங்கும். இந்த இடத்துக்குப் படுகளம் என்று பெயர்.

இன்று அதே ஊர்களிலிருந்து கிளம்பும் பேருந்தில் ஒருவர் கைப்பேசியில் குற்றத் தொடர் பார்த்துக்கொண்டு வருகிறார். கதையின் நாயகன் போதைப்பொருள் காய்ச்சுகிறான், பொய் சொல்கிறான், கொலையும் செய்கிறான். ஆனாலும் போலீஸ் நெருங்கினால் இவருக்குத்தான் நெஞ்சு படபடக்கிறது. விமர்சகர்கள் இவனை எதிர்நாயகன் என்கிறார்கள். அமெரிக்கத் தொலைக்காட்சி பெற்றெடுத்த பிள்ளை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இவன் வந்த பாதை மிக நீளம். அது நம் ஊர் வழியாக ஒரு தடவைக்கு மேல் போயிருக்கிறது.

முதல் தடத்தைப் பழைய மகத நாட்டில் பார்க்கலாம். ராஜகிருகத்தில் ஒரு வணிகர் மகள் சன்னல் வழியே தெருவைப் பார்க்கிறாள். கொலைக்களத்துக்கு ஒரு திருடனை இழுத்துப் போகிறார்கள். பார்த்த கணத்தில் அவன்மீது காதல் கொள்கிறாள். தகப்பன் பணம் கொடுத்து அவனை மீட்டு மணமுடித்து வைக்கிறான். திருடனோ நகைக்கு ஆசைப்பட்டு அவளை மலை உச்சிக்கு அழைத்துப் போய்க் கொல்லப் பார்க்கிறான். அவள் முந்திக்கொண்டு அவனைத் தள்ளிவிடுகிறாள், பிறகு துறவியாகிறாள். பாலி மொழி உரைகள் சொல்லும் இந்தக் கதை பௌத்தத்தோடு தெற்கே வந்தது. நாதகுத்தனார் கையில் ‘குண்டலகேசி’ காப்பியம் ஆனது. காப்பியத்தில் சில பாடல்களே இன்று மிஞ்சியிருக்கின்றன. அதை எதிர்த்து எழுந்த சமண நூல் ‘நீலகேசி’. அதன் உரைதான் காப்பியத்தின் கதையை நமக்குக் காப்பாற்றிக் கொடுத்தது. எதிராளியின் வீட்டில் பிழைத்த கதை இது. சன்னலில் நின்ற அந்தப் பெண்ணை மறந்துவிடாதீர்கள். கைப்பேசித் திரை வழியே கெட்டவனைப் பார்த்து மயங்கும் நமக்கெல்லாம் அவள்தான் முன்னோடி.

அடுத்த திருப்பம் பக்தி இயக்கக் காலம். அடியார்களுக்கு அமுது படைக்கப் பணமில்லாமல் வழிப்பறியில் இறங்கி, கடைசியில் பெருமாளையே மறித்தவர் என்று திருமங்கையாழ்வாரைப் பற்றி வைணவ மரபு சொல்கிறது. அவர் பாடிய தலங்களில் ஒன்று, இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கும் திருக்கோவிலூர். கொள்ளைக்காரனை வெறுத்து ஒதுக்காமல், அவனுக்குள் ஒரு காரணத்தைத் தேடும் பழக்கம் நமக்கு அப்போதே வந்துவிட்டது. அந்த ஊரின் இன்னொரு கதை இதற்கு நேர் எதிர். மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்த முத்தநாதன், திருநீறு பூசி, ஏட்டுக்கட்டுக்குள் கத்தியை மறைத்து அரண்மனைக்குள் நுழைந்தான். குத்துப்பட்ட நிலையிலும் நாயனார் அவனைப் பத்திரமாக வெளியே அனுப்பிவைக்கச் சொன்னார். சாதுவான வேடத்துக்குள் ஆயுதம்! இன்றைய தொடர் எழுத்தாளர்கள் விடாமல் பயன்படுத்தும் உத்தி இது.

இனி கடல் தாண்டுவோம். 1724இல் லண்டனில் ஜாக் ஷெப்பர்ட் என்ற இளம் திருடன் சிறையிலிருந்து நான்கு முறை தப்பி, ஐந்தாம் முறை தூக்குமேடை ஏறினான். அவன் பெயர் தெருவெல்லாம் பேச்சானது. 1728 ஜனவரியில் ஜான் கே ‘பிச்சைக்காரனின் ஆப்பெரா’ என்ற இசை நாடகத்தை மேடையேற்றினார். நாயகன் மக்ஹீத் ஒரு வழிப்பறிக்காரன். முதல் பருவத்திலேயே 62 முறை நடந்து அந்தக் காலத்துச் சாதனையைப் படைத்தது. முடிவில் மக்ஹீத்தைத் தூக்கில் போட வேண்டும். ஆனால் ரசிகர்கள் விரும்பமாட்டார்கள் என்று நாடகத்துக்குள்ளேயே ஒரு பாத்திரம் சொல்ல, அவன் விடுவிக்கப்படுகிறான். லண்டன் மேடை படுகளத்தை நீக்கிவிட்டது. இந்த நாடகம் திருடர்களை உருவாக்குகிறது, நிறுத்துங்கள் என்று சில பத்தாண்டுகள் கழித்து மாஜிஸ்திரேட் ஜான் பீல்டிங் கேட்டுக்கொண்டார். அந்த வாதம் இன்றுவரை ஓயவில்லை. சரியாக 200 ஆண்டு கழித்து, 1928இல் பெர்லினில் நாடகாசிரியர் பிரெக்டும் இசையமைப்பாளர் வைலும் அதே கதையை ‘மூன்று காசு ஆப்பெரா’ என்று புதுப்பித்தார்கள்.

இடையில் அச்சு எந்திரம் அவனுக்குக் கோட்டும் தொப்பியும் மாட்டிவிட்டது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் சொந்த மைத்துனர் ஹார்னங், 1899இல் ராஃபிள்ஸ் என்ற கனவான் திருடனின் கதைகளை நூலாக வெளியிட்டார். குற்றவாளியை நாயகனாக்கக் கூடாது என்று டாயில் வருத்தப்பட்டார். 1905இல் பாரிஸில் மாரிஸ் லெப்ளான் ஆர்சேன் லூப்பினைப் பிறப்பித்து, அவனை ஹோம்ஸோடு மோதவும் விட்டார். எதிர்ப்பு வந்ததும் துப்பறிவாளரின் பெயரில் எழுத்துகளை இடம் மாற்றி ‘ஹெர்லாக் ஷோம்ஸ்’ ஆக்கினார்.

பிறகு இரண்டு சட்டங்கள் இந்தக் கதையின் போக்கையே மாற்றின. 1920இல் அமெரிக்கா மதுவிலக்கைக் கொண்டுவந்தது. தடை வந்த இடத்தில் கள்ளச்சந்தை முளைத்தது, அங்கிருந்து அல் கபோன் எழுந்தார், அவர் சாயலில் 1932இல் ‘ஸ்கார்ஃபேஸ்’ படம் வந்தது. குற்றவாளிமேல் பரிவு வரக் கூடாது என்று ஹாலிவுட் 1934 முதல் தணிக்கை விதியைக் கடுமையாக்கியது. சரி, இந்தியாவில்? 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு மதுவிலக்கை முதலில் அமல்படுத்திய மாவட்டம் சேலம். கள்ளக்குறிச்சியை ஒட்டிய கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் அது.

நோக்கம் நல்லதுதான். ஆனால் சாலையும் பிழைப்பும் எட்டாத மலைச்சரிவுகளில் கள்ளச் சாராயம் ஒரு தொழிலாக நிலைத்தது. ஓடைக்கரைப் புதரில் புதைந்த பேரலில் வெல்லமும் மரப்பட்டையும் ஊறும். காய்ச்சிய சரக்கு லாரி டியூபில் கீழே இறங்கும். ‘சாராய ஊறல் அழிப்பு’ என்ற தலைப்பு நம் நாளிதழ்களில் இன்றும் வருகிறது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் பெரும்பாலோர் சாமையும் மரவள்ளியும் விளைவித்து, கடுக்காய் பொறுக்கிப் பிழைப்பவர்கள். 1976 வரை அவர்கள் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தார்கள். மலையைச் சாராயத்தோடு மட்டும் சேர்த்துப் பேசுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

இதே வட்டாரம் சினிமாவுக்கும் கெட்டவனைக் கொடுத்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் ‘மந்திரி குமாரி’யை எடுத்தது. மு. கருணாநிதி எழுதிய அந்தக் கதையின் வேர் நம் பழைய குண்டலகேசி. ராஜகுருவின் மகன் பார்த்திபனாக நடித்த எஸ்.ஏ. நடராஜன், கொள்ளையடிப்பது ஒரு கலை என்றே வாதாடினார். மலை உச்சியில் மனைவி அவரைத் தள்ளினாள். மகதத்துச் சன்னலில் தொடங்கிய கதை சேலத்தில் வந்து இறங்கியது. நான்கு ஆண்டு கழித்து, நாமக்கல் கவிஞரின் நாவல் ‘மலைக்கள்ளன்’ எம்.ஜி.ஆர். நடிப்பில் படமாகிக் குடியரசுத் தலைவர் விருது வாங்கியது. தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி, சிங்களம் என்று ஐந்து மொழிகளில் அது மறுபடி எடுக்கப்பட்டது. மலையில் ஒளிந்து ஏழைக்குக் கொடுக்கும் கள்ளனை ஐந்து மொழிக்காரர்களும் தங்கள் ஆளாகவே ஏற்றுக்கொண்டார்கள்.

1987இல் மணிரத்னத்தின் ‘நாயகன்’ வந்தது. பம்பாயில் கள்ளச் சாராயத்தில் தொடங்கி வளர்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையும், 1972இன் ‘காட்ஃபாதர்’ படமும் அதில் கலந்தன. மறு ஆண்டே அது ‘தயாவான்’ என்று இந்திக்குப் போனது. பம்பாயில் நடந்த கதை, சென்னை வழியாகப் பம்பாய்க்கே திரும்பியது. நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும் கேள்விக்குப் படத்தின் நாயகன் வேலு நாயக்கரால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வகைக் கதை முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

தொலைக்காட்சிக்கு இவன் வந்தது தாமதமாகத்தான். விளம்பரதாரரை நம்பும் அலைவரிசைகளுக்குக் கெட்டவனை வாராவாரம் வீட்டுக்குள் அனுப்பப் பயம். சந்தாவில் இயங்கும் எச்.பி.ஓ. 1999 ஜனவரியில் ‘சோப்ரானோஸ்’ தொடரைத் தொடங்கியது. ஐந்தாம் பாகத்தில், மகளுக்குக் கல்லூரி பார்க்கப் போகும் நாயகனான தகப்பன், போகிற வழியில் முன்பு காட்டிக்கொடுத்த ஒருவனைத் தன் கையால் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பார்வையாளர்கள் வெறுத்துவிடுவார்கள் என்று நிறுவன மேலாளர்கள் அஞ்சினார்கள். யாரும் வெறுக்கவில்லை.

அந்த வாசல் வழியாக 2008இல் ‘பிரேக்கிங் பேட்’ நுழைந்தது. புற்றுநோய் வந்த வேதியியல் ஆசிரியர் வால்டர் ஒயிட் போதைப்பொருள் காய்ச்சும் கதை. சாதுவான வாத்தியாரை ‘ஸ்கார்ஃபேஸ்’ ஆக்கிக் காட்டுவதே தன் எண்ணம் என்று அதைப் படைத்த வின்ஸ் கில்லிகன் விளக்கினார். எத்தனை தற்செயல்கள் அதில்! கலிஃபோர்னியாவில் நடப்பதாக எழுதிய கதை, வரிச்சலுகைக்காக நியூ மெக்சிகோவுக்கு மாறியது. தொடரின் முகமாகிப்போன அந்தப் பாலைவனம் அப்படிக் கிடைத்ததுதான். முதல் பருவத்திலேயே சாகவேண்டிய கூட்டாளி ஜெஸ்ஸி, நடிகரின் திறமையால் கடைசிவரை பிழைத்தான். மொத்தம் 62 பாகங்கள், லண்டன் ஆப்பெராவின் அதே 62! 2014இல் கொலம்பியாவில் இதை ஸ்பானிய மொழியில் அப்படியே எடுத்தார்கள். வால்டர் சரக்குக் காய்ச்சிய வீட்டு வண்டி அந்த நாட்டில் அபூர்வம் என்பதால், அங்கே பழைய பேருந்துக்குள் காய்ச்சினார்கள்.

நாமும் சும்மா இருக்கவில்லை. வால்டர் திரைக்கு வருவதற்கு முன்பே, 2007இல் மக்கள் தொலைக்காட்சியில் வ. கௌதமன் இயக்கத்தில் ‘சந்தனக்காடு’ ஓடியது. வீரப்பனைப் பற்றிய தொடர் அது. அவர் சுட்டுக்கொல்லப்பட்டு அப்போது ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன.

இத்தனை நாடும் காலமும் கடந்தும் இவன் ஏன் நம்மைக் கட்டிப்போடுகிறான்? நம்மில் பெரும்பாலோர் அடங்கி வாழ்கிறவர்கள். அலுவலகத்திலும் வங்கியிலும் விழுங்கிய சொற்கள் நமக்குள் கிடக்கின்றன. அவற்றை நமக்காக இவன் பேசுகிறான். தொழிலில் கெட்டிக்காரனாக இருக்கிறான், கெட்டிக்காரத்தனத்துக்கு நாம் எப்போதுமே தலைவணங்குவோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துரியோதனன் திரைக்கு மேலே எழும்போது நிமிர்ந்து உட்கார்ந்த நம் பாட்டி கெட்டவள் இல்லை.

ஆனால் பாட்டி படுகளம் வரை உட்கார்ந்திருந்தாள். இன்றைய ரசிகர்களில் பலர் பாதியிலேயே எழுந்துவிடுகிறார்கள். வால்டரைத் தடுக்கப் பார்த்த மனைவி ஸ்கைலர் பாத்திரத்தை ரசிகர்கள் எவ்வளவு வெறுத்தார்கள் என்றால், அந்த வேடத்தில் நடித்த அன்னா கன் 2013இல் அதைப் பற்றிப் பத்திரிகையில் கட்டுரையே எழுத வேண்டிவந்தது. அழுதவளைக் குற்றவாளியாக்கிவிட்டு, அழவைத்தவனுக்குக் கைதட்டினார்கள். குடும்பத்துக்காகச் செய்யவில்லை, எனக்குப் பிடித்திருந்தது என்று கடைசிப் பாகத்தில் வால்டரே மனைவியிடம் ஒப்புக்கொள்கிறான். அந்த ஒரு வாக்குமூலத்துக்காகத்தான் 62 பாகங்களும்.

இந்தப் பேச்சு கள்ளக்குறிச்சிக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 2024 ஜூனில் நகரின் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். மணத்திலும் நிறத்திலும் அது சாதாரணச் சாராயத்திலிருந்து வேறுபட்டுத் தெரியாது. உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரைப் பறிக்கும். தாய், தகப்பன் இருவரையுமே இழந்த பிள்ளைகள் அந்தத் தெருக்களில் நின்றார்கள். தொடரில் வால்டர் தன் சரக்கின் சுத்தத்தைப் பெருமையாகப் பேசும்போது, அதை வாங்கியவனின் வீட்டைக் கேமரா அதிகம் காட்டுவதில்லை. கள்ளக்குறிச்சி அந்த வீட்டை நேரில் பார்த்த ஊர்.

குற்றத் தொடர்களைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நல்ல எதிர்நாயகன் கதை, நம் மனத்தின் இருட்டை விளக்கடியில் வைத்துக் காட்டும். ஆனால் ஒரு தொடர் நல்லதா என்று எடைபோட நம்மிடம் பழைய தராசு ஒன்று இருக்கிறது. கெட்டவன் செய்ததற்கான விலையை அது காட்டுகிறதா? அந்த விலையைக் கொடுத்தவர்களின் முகத்தைக் காட்டுகிறதா? காட்டினால் அது படுகளம் தெரிந்த கதை.

நம் கிராமங்களில் துரியோதனன் விழுந்ததும் யாரும் எழுந்து போய்விடுவதில்லை. ஒப்பாரியைக் கேட்டு முடித்த பிறகே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். தொடரையும் அப்படியே பாருங்கள்.