கொடுப்பவரும் பெறுபவரும்: அந்தமான் நிக்கோபாரில் மதுவும் மீட்பும்

2004 டிசம்பர் 26 காலை நிலம் அதிர்ந்தபோது, சின்ன அந்தமான் தீவின் டுகாங் கிரீக் குடியிருப்பில் இருந்த ஓங்கே மக்கள் மேட்டு நிலத்தை நோக்கிச் சென்றனர். நூறு பேர் அளவே எஞ்சியிருந்த அச்சமூகத்தில் ஆழிப்பேரலைக்கு ஒருவரும் பலியாகவில்லை. கடலைப் பற்றிய தலைமுறை அறிவு அவர்களைக் காத்தது என்று அப்போது உலகம் முழுதும் வியந்து எழுதினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2008 டிசம்பரில், அதே கரையில் ஒரு கலன் ஒதுங்கியது. அதிலிருந்த நச்சுத் திரவத்தை மது என்று கருதிப் பகிர்ந்து குடித்தவர்களுள் எட்டுப் பேர் இறந்தனர். இந்த இரண்டாவது நிகழ்ச்சியைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே. 1901 கணக்கெடுப்பில் 672 பேராக இருந்த ஓர் இனத்தில், எஞ்சியிருந்தோருள் பன்னிருவருக்கு ஒருவர் என்ற அளவில், ஒரே முறையில் நேர்ந்த இழப்பு இது.

இந்த இரு நிகழ்ச்சிகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது எழும் கேள்வியையே இப்பதிவில் எடுத்துக்கொள்கிறேன். குடிநோயிலிருந்து மனிதர்கள் ஒருவரையொருவர் தாங்கி மீள்வது என்னும் வழிமுறைக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் வெளிச்சத்தில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மது வரலாற்றைப் படித்தால் என்ன தெரிகிறது?

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்தமான் பழங்குடிகள் நொதிக்க வைத்த பானம் எதையும் அறிந்திராதவர்கள். நிக்கோபாரியரோ தென்னங்கள் இறக்கத் தெரிந்தவர்கள். ஆகவே இரு தீவுக் கூட்டங்களிலும் மதுவின் வரலாறு ஒன்றன்று. அந்தமானில் மது வெளியாரின் கைவழியே வந்தது. 1858 மார்ச்சில் ஜே. பி. வாக்கர் இருநூறு கைதிகளுடன் போர்ட் பிளேரில் இறங்கித் தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். 1863இல் ஹென்றி கார்பின் என்னும் பாதிரியாரின் பொறுப்பில் ராஸ் தீவில் முதல் ‘அந்தமான் இல்லம்’ ஏற்பட்டது. காட்டிலிருந்து பழங்குடியினரை வரவழைத்து, உணவும் புகையிலையும் கொடுத்து ‘நாகரிகப்படுத்துவது’ அதன் நோக்கம். இல்லத்தோடு நோய்களும் வந்தன. 1877இல் பரவிய தட்டம்மை பெரும் எண்ணிக்கையினரைக் கொன்றது. பிற்காலத்தில் மதுவும் அபினும் எஞ்சியோரைப் பற்றிக்கொண்டன. 1901இல் 625 பேராகக் கணக்கிடப்பட்ட பெரிய அந்தமானியர் 1961இல் 19 பேர். அந்த வீழ்ச்சிக்கு மது மட்டுமே காரணமென்று எவரும் சொல்லார். எனினும் அது வந்து சேர்ந்த வழி கருதத்தக்கது. கொடுப்பவர் எப்போதும் வெளியார், பெறுபவர் எப்போதும் பழங்குடியினர் என்ற உறவு அந்த இல்லங்களில்தான் உருப்பெற்றது.

அந்த உறவு விடுதலைக்குப் பின்னரும் பெரிதும் மாறவில்லை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை வெளியார் நுழைவைத் தடுத்தது. அது தேவையான சட்டமே, ஐயமில்லை. ஆயினும் சின்ன அந்தமானில் குடியேற்றம் நிகழ்ந்தபின், தேனுக்கும் ஆமை முட்டைக்கும் காட்டுப் பன்றி இறைச்சிக்கும் ஈடாக ஓங்கே மக்களிடம் மது கைமாறியதைப் பங்கஜ் சேக்சாரியா போன்றோர் பல ஆண்டுகளாக எழுதி வந்துள்ளனர். ஒரு பக்கம் அரசின் இலவசப் பொருள் வழங்கல், மறுபக்கம் கள்ளச் சந்தையின் மது. இரண்டிலும் ஓங்கே பெறுபவரே. 1988இல் தொடங்கப்பட்ட அந்தமான் நிக்கோபார் ஒருங்கிணைந்த வளர்ச்சிக் கழகம் தீவுகளில் மது விற்பனையையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. டாஸ்மாக்கை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

‘பெறுபவர்’ என்ற சொல்லை நான் அழுத்துவதற்குக் காரணம் உண்டு. அதற்காகச் சிறிது தொலைவு செல்ல வேண்டும்.

1935 மே மாதம். அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு விடுதியின் முன்கூடத்தில் பில் வில்சன் என்னும் பங்குச் சந்தைத் தரகர் நின்றிருந்தார். வந்த வணிகக் காரியம் தோற்றுப்போயிருந்தது. குடியை நிறுத்திச் சில மாதங்களே ஆகியிருந்தன. மதுக்கூடத்தின் ஆரவாரம் காதில் விழுந்துகொண்டிருந்தது. அவர் தொலைபேசியில் தேடியது ஒரு மருத்துவரையோ ஞானியையோ அன்று. பேசுவதற்கு மற்றொரு குடிநோயாளியை. அவ்வாறு கிடைத்தவர் அந்நகரின் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். ஸ்மித் இறுதியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10ஐயே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. வில்சன் அங்கே சென்றது ஸ்மித்தைக் காப்பாற்ற அன்று, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. பிறனுக்கு உதவினால்தான் தான் குடிக்காமல் இருக்க முடியும் என்பதே அவர் அறிந்துகொண்டது. 1965இல் சமூகவியலர் ஃபிராங்க் ரீஸ்மன் இதற்கு ஒரு கோட்பாட்டு வடிவம் தந்தார்: உதவி பெறுபவரைக் காட்டிலும் உதவுபவரே மிகுதியாக நலமடைகிறார் என்பது அதன் சாரம்.

இந்த வழிமுறைக்கு முன்னோடிகள் உண்டு. 1840இல் பால்டிமோர் நகரின் மதுக்கடை ஒன்றில் ஆறு குடிகாரர்கள் கூடித் தொடங்கிய வாஷிங்டோனியர் இயக்கம் சில ஆண்டுகளில் பேரளவில் வளர்ந்து, மதுவிலக்கு அரசியலிலும் உட்பூசல்களிலும் சிக்கி விரைவாகவே மறைந்தது. அதற்கும் முன்னர், 1799இல், செனிகா இனத்தவரான ஹேண்ட்சம் லேக், நெடுங்காலக் குடியால் படுக்கையில் கிடந்து எழுந்தபின் தம் மக்களிடையே மதுவைத் துறக்கும் நெறியைப் பரப்பினார். வெள்ளையரிடமிருந்து வந்த மதுவுக்கு எதிராகப் பழங்குடிக்குள்ளிருந்தே, முன்னாள் குடிகாரர் ஒருவரின் வாயிலாகவே எழுந்த குரல் அது. குடிநோயர் கூட்டுறவின் வரலாற்றை 1935இலிருந்து தொடங்கும் நூல்கள் இவரைப் பெரும்பாலும் அடிக்குறிப்பில் ஒதுக்கிவிடுகின்றன.

அந்தமான் தீவுகளோடு ஒப்பிட மிகப் பொருத்தமான சான்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ஆல்கலி லேக். எஸ்கெட்டெம்க் பழங்குடியின் சில நூறு பேர் வாழும் ஊர். 1970களின் தொடக்கத்தில் அங்கே வளர்ந்தவருள் குடிக்காதவரைக் காண்பது அரிது. 1972 அளவில் ஃபில்லிஸ் செல்சி என்னும் பெண் குடியை நிறுத்தினார். குடித்திருந்த பெற்றோருடன் வீட்டுக்கு வர மாட்டேன் என்று அவருடைய சிறு மகள் மறுத்ததே காரணம். சில நாட்களில் கணவர் ஆண்டி செல்சியும் நிறுத்தினார். பின்னர் ஊரின் தலைவரானார். வாரந்தோறும் கூட்டம் நடந்தது. நெடுநாள் அதற்கு வந்தவர்கள் மிகச் சிலரே. பத்தாண்டுகளுக்கும் சற்று மேலான காலத்தில் ஊரில் பெரும்பாலோர் குடியை விட்டனர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் என்பது அவ்வூரார் சொல்லும் கணக்கு. அக்கணக்கை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, பாதியாகக் கொண்டாலும் வியப்புக்குரியதே. ஊருக்குள் மதுவைக் கொண்டுவந்து விற்பவருக்கு எதிரான நடவடிக்கையும் அங்கே நடந்தது என்பதை மறக்கலாகாது. சட்டம் தேவையற்றது என்பதன்று. அதை ஊரே கையில் எடுத்தது என்பதுதான் செய்தி. பெயர் மறைத்தல் என்னும் மரபும் அங்கே செல்லுபடியாகவில்லை. அனைவரும் அனைவருக்கும் உறவினராக உள்ள ஊரில் யார் எங்கே போகிறார் என்பதை மறைக்க இயலுமா? மாநகரத்தின் முகமறியாத் தன்மையில் பிறந்த ஒரு முறை, சிற்றூரில் உறவுமுறையின் மீது காலூன்றி வளர்ந்தது.

தமிழகத்திலும் இதை ஒத்த பாடம் ஒன்று உண்டு. இந்தியாவில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1957இல் பம்பாயில் வேரூன்றியது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். ‘குடிகாரன்’ என்ற வசைக்கு மாற்றாகக் ‘குடிநோயாளி’ என்னும் சொல்லைத் தமிழ்ப் பொதுவழக்கில் நிலைபெறச் செய்ததில் இத்தகைய நிறுவனங்களுக்குப் பெரும் பங்குண்டு. மருத்துவமனை நகரத்தில், நோயாளியோ கிராமத்தில். கூலி வேலையை விட்டுவிட்டு ஒரு மாதம் சென்னையில் தங்க இயலாதவனுக்கு என்ன வழி? 1989 முதல் இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடியில் அந்நிறுவனம் நடத்திய இரு வார முகாம்கள் இதற்கு விடை தேடின. சிகிச்சையை ஊருக்குள் கொண்டுசென்றதால் ஊரே அதில் பங்காளியாயிற்று. குடும்பத்தாரும் பங்குகொண்டனர். முன்னர் மீண்டவர் அடுத்தவரை அழைத்து வந்தார். பெற்றவன் கொடுப்பவனாக மாறும் அந்தக் கணத்தில்தான் மஞ்சக்குடியும் ஆக்ரனும் சந்திக்கின்றன என்பது என் கருத்து.

இம்முறை பயனளிக்கிறதா என்ற ஐயம் மாணவருக்கு எழலாம். காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பங்கேற்பாளர்களையும் உள்ளடக்கியது. தொடர்ச்சியாகக் குடிக்காமலிருப்பதில், பன்னிரு படி முறையோடு இணைத்த சிகிச்சைகள் பிற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தவை அல்ல, பெரும்பாலும் மேலானவை என்று அது கண்டது. ஆனால் அச்சான்றுகள் பெரும்பாலும் அமெரிக்காவைச் சார்ந்தவை. தீவுப் பழங்குடிகளுக்கு அதை நேரே பொருத்துவது பிழை.

இப்போது நிக்கோபாருக்கு வருகிறேன். 1869இல் பிரிட்டன் அத்தீவுகளைக் கைக்கொண்டபின், அங்கே அமர்த்தப்பட்ட அரசு முகவர்களின் கடமைகளுள் மதுவும் துப்பாக்கியும் கள்ளத்தனமாக வருவதைத் தடுப்பதும் ஒன்று. கார் நிக்கோபாரின் மூஸ் ஊரில் அப்பொறுப்பை வகித்தவர் ஒரு தமிழர். சென்னையிலிருந்து சென்ற மறைபரப்புப் பணியாளர் வேதப்பன் சாலமன், பள்ளி நடத்தியவர், பின்னாளில் பிஷப் ஆன ஜான் ரிச்சர்ட்சனின் ஆசிரியர். அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் ஜார்ஜ் ஒயிட்ஹெட் 1924இல் வெளியிட்ட நூலில் உள்ளன. நம் பல்கலைக்கழகங்களில் அதைத் தொட்டவர் எத்தனை பேர் என்று எண்ணினால் வருத்தமே மிஞ்சும்.

முகவர் தடுக்க வேண்டியிருந்தது வணிகர் கொண்டுவந்த சாராயத்தை. நிக்கோபாரியரின் சொந்தக் கள்ளோ விருந்திலும் சடங்கிலும் பகிரப்பட்ட பானம். விருந்துகளில் குடிவெறி இருந்ததையும் பழைய பயணக் குறிப்புகள் பதிவு செய்துள்ளன. அதை மறைத்துப் பொற்காலம் ஒன்றைப் புனைய நான் விரும்பவில்லை. ஆயினும் குடித்தவன் தனியன் அல்லன். அவன் ‘துஹெத்’ எனப்படும் கூட்டுக் குடும்பத்தின் உறுப்பினன். தென்னந்தோப்பும் பன்றிகளும் துஹெத்துக்கு உரியவை. விருந்தும் பொருட் பங்கீடும் அதன் மூத்தவரின் வழிகாட்டுதலில் நடப்பவை. அதற்குள் ஒவ்வொருவரும் கொடுப்பவரும் பெறுபவருமாக இருந்தனர்.

ஆழிப்பேரலை அம்மக்களுள் பல்லாயிரவரின் வீட்டையும் தோப்பையும் அழித்தது. கச்சால், ட்ரிங்கெட் போன்ற தீவுகளில் இழப்பு மிகக் கொடியது. ட்ரிங்கெட் துண்டுகளாகப் பிளந்தது. எஞ்சியோர் கமோர்ட்டாவுக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். அதன்பின் வந்தது நிவாரணம். இழப்பீட்டுப் பணம் துஹெத்துக்கு அன்றித் தனித்தனிக் குடும்பங்களுக்குச் சென்றது. வீடுகளும் தனிக் குடும்பத்துக்கென்றே கட்டப்பட்டன. புதிதாக நட்ட தென்னை காய்க்கும்வரை செய்வதற்கு வேலை குறைவு. கையில் பணம் இருந்தது. ஆழிப்பேரலைக்கு முன்பிருந்தே ட்ரிங்கெட்டில் ஆய்வு செய்த சிம்ரன் ஜித் சிங், இந்த நிவாரணம் சமூக அமைப்பைக் குலைத்த விதத்தை விரிவாக எழுதியுள்ளார். குடிப்பழக்கம் பெருகியதும் அவ்விளைவுகளுள் ஒன்று. நன்மை செய்ய வந்தவர்களின் தீய எண்ணம் இதற்குக் காரணம் அன்று. ராஸ் தீவின் இல்லத்திலிருந்து பழகிப்போன அந்த உறவு, கொடுக்கும் கையும் ஏந்தும் கையுமாகவே மக்களைக் காணும் பழக்கம், நிவாரணப் படிவத்திலும் ‘பயனாளி’ என்ற பெயரில் தொடர்ந்தது.

ஆகவே மது ஒழிப்பைப் பற்றிய தீவு ஆவணங்களைப் படிக்கும் ஆய்வாளர், தடைச் சட்டங்களையும் சிகிச்சைப் படுக்கைகளையும் எண்ணுவதோடு நின்றுவிடலாகாது. மீள்வதற்கான கூட்டம் என்று எதை மற்ற நாடுகளில் புதிதாக உருவாக்க வேண்டியிருந்ததோ, அதற்கு நிகரான ஓர் அமைப்பு நிக்கோபாரில் முன்னரே இருந்தது. அது எவ்வளவு சிதைந்தது, எங்கே இன்னும் உயிர்ப்புடன் உள்ளது என்பதை ஊர் ஊராகப் பதிவு செய்ய வேண்டும். களப்பணிக்கு உரிய அனுமதியோடு செல்லும் மாணவர் எவரேனும் இதை எடுத்துக்கொண்டால், மூத்தோரிடம் எவ்வளவு குடித்தீர்கள் என்று தொடங்க வேண்டாம். 2004க்கு முன் யாருடன் அமர்ந்து குடித்தீர்கள், அதற்குப் பின் யாருடன் என்று கேட்டுத் தொடங்கலாம். குடியை விட்டவர் எவரேனும் இருந்தால், விட்ட நாளில் அவர் முதலில் யாரிடம் சென்று சொன்னார் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.