பூசாத வெண்மை

அரசனும் ஆண்டவனுமே ஓவியத்திற்கு உரிய பொருள்கள். ஆற்றங்கரை வீட்டுக்கு அங்கே இடமேது? 1768-இல் இலண்டனில் தோன்றிய ராயல் அகாதமி, புராண, வரலாற்றுத் தைல ஓவியங்களை உச்சியில் ஏற்றிற்று. நீர்வண்ணம் ஒன்றையே நம்பியவருக்கு உறுப்பினராகும் உரிமையை மறுத்தது. கலையிலும் மேல், கீழ்!

அந்த மதிலை மோதியவர்களுள் ஒருவன் தாமஸ் கர்ட்டின். 1775-இல் பிறந்தவன், பிரஷ் செய்து பிழைத்தவரின் மகன். கருவிகள்? பென்சில், தாள், நீர் தொட்டால் கரையும் வண்ணக்கட்டி, அவ்வளவே! 1799-இல் மாலை வேளைகளில் இளந்தோழர்களுடன் கூடினான். கவிதைப் பகுதியொன்றைத் தேர்ந்தெடுப்பர். கண்டிராத நிலமெல்லாம் கற்பனையில் எழும், தாளில் படியும்.

1800-இல் அவன் தீட்டியதோ, கண்ணெதிரே நின்ற காட்சி: தேம்ஸ் நதிக்கரையில் சின்னஞ்சிறு வெள்ளை வீடு. அந்தி மங்கலில் அது ஒளிர்கிறது. நீரிலே அதன் நிழலும் ஒளிர்கிறது. ஒளிர்வது வெள்ளை வண்ணமா? இல்லை, வண்ணம் பூசாமல் விட்ட தாள்!

1802-இல், 27 வயதில், மறைந்தான். 1804-இல் நீர்வண்ண ஓவியர்கள் தமக்கெனச் சங்கம் கண்டனர். மறு ஆண்டு, அவர்தம் முதற் கண்காட்சியைக் கட்டணம் செலுத்திக் கண்டோர் 11,000-க்கும் மேல்.

அகாதமி கதவடைத்தது, அவர்கள் தனிவாயில் அமைத்தார்கள், மக்கள் வந்தார்கள். இளைஞனே, பென்சிலை எடு; உன் தெருவை வரை!