சிட்னி கூப்பரின் மாடுகளும் கென்ற் நாட்டுப்புறமும்

மெல்ல நகரும் ஓர் ஆறு; முழங்காலளவு நீரில் நிற்கும் இரண்டு மூன்று பசுக்கள்; கரையில் அசைபோட்டபடி படுத்திருக்கும் வேறு சில; பின்னணியில் மாலை வெயிலின் மஞ்சள் மூட்டம். விக்ரோறியா காலத்து இங்கிலாந்தில் வசதிபடைத்தோர் இல்லங்களை அலங்கரித்த இத்தகைய ஓவியங்களில் கணிசமானவை தோமஸ் சிட்னி கூப்பரின் (1803-1902) தூரிகையிற் பிறந்தவை. ‘மாட்டுக் கூப்பர்’ என்றே அவர் அழைக்கப்பட்டார். கலை விமரிசகர் பலர் இவற்றை வெறும் அழகுப் படங்களென ஒதுக்கிவிடுவர். ஆயின், இவை தீட்டப்பட்ட மண்ணின் வரலாற்றோடு இணைத்து நோக்குமிடத்து, இவ்வமைதி அத்துணை எளிதானதன்று என்பது புலனாகும்.

கூப்பர் கென்ற் மாவட்டத்துக் கன்ரபரி நகரில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர். தந்தை குடும்பத்தைக் கைவிட்டகல, தாயே ஐந்து பிள்ளைகளையும் வளர்த்தெடுத்தாள். தாள் வாங்க வகையற்ற சிறுவன் கற்பலகையிலே தேவாலயக் கோபுரத்தை வரைந்து பழகினான். குதிரைவண்டிப் பட்டறையில் வர்ணம் பூசியும் நாடக அரங்குகளுக்குத் திரை தீட்டியும் பிழைத்த அவர், இலண்டன் றோயல் அக்கடமிப் பள்ளியில் இடம் பெற்றும் பொருளின்மையால் ஊர் திரும்பினார். 1827இல் பிரசெல்ஸ் சென்று, விலங்கோவியரான வெர்பூக்கோவனின் நட்பைப் பெற்றார். பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்த ஓவியர்களான பொற்றர், கைப் ஆகியோர் அவருக்கு வழிகாட்டிகளாயினர். 1830இன் பெல்ஜியப் புரட்சி அவரை மீண்டும் தாயகத்துக்குத் துரத்தியது. 1833 முதல் மரணம்வரை ஆண்டு தவறாது அக்கடமிக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. அவற்றின் தொகை 260க்கும் மேல்.

புரட்சியிலிருந்து விலகி வந்த அவரைக் கென்றும் அமைதியாக வரவேற்கவில்லை. 1830 ஓகஸ்ற் மாத இறுதியில், கன்ரபரிக்குச் சில மைல் தெற்கேயுள்ள லோவர் ஹாட்ஸ் கிராமத்தில் கூலித்தொழிலாளர் சூடடிக்கும் யந்திரமொன்றை உடைத்தெறிந்தனர். மாரிகாலத்திற் கதிரடித்துப் பெற்ற கூலியை யந்திரம் பறித்தமையே காரணம். ‘கப்டன் சுவிங்’ என்ற கற்பனைத் தலைவனின் பெயரால் அக்கிளர்ச்சி தென்னிங்கிலாந்தெங்கும் பரவிற்று. 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். ஏறக்குறைய 500 பேர் அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். 1838 மேயில், கன்ரபரிக்கு அண்மையிலுள்ள பொசென்டன் காட்டில், தன்னை மீட்பரெனக் கூறிய ஜோன் தொம் என்பவரும் அவரைப் பின்பற்றிய எண்மரும் படையினருடனான மோதலில் மாண்டனர். 1865-66இல் மாட்டுக் கொள்ளைநோய் நாட்டின் மந்தைகளைச் சூறையாடிற்று.

இவற்றுள் ஒன்றேனும் அவர் ஆற்றங்கரைகளை எட்டவில்லை. அங்கே மாடுகள் மினுமினுக்கும் தோலுடன் கொழுத்து நிற்கின்றன. அவற்றைப் பேணும் மனிதனோ இல்லை, இருப்பினும் தொலைவில் ஒரு சிறு புள்ளி. இதற்கு ஓவியரை மட்டும் பொறுப்பாக்குதல் தகாது. 1851ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் நகரவாசிகள் நாட்டுப்புறத்தாரை விஞ்சிவிட்டனர். ஆலைப் புகையின் நடுவே செல்வஞ் சேர்த்த புதிய வர்க்கத்துக்கு, தான் விட்டுவந்த கிராமம் கலவரமின்றி, கூலிப் பிரச்சினையின்றி, சுவரிலே தொங்க வேண்டியிருந்தது. அத்தேவையையே கூப்பர் நிறைவேற்றினார். பிரெடறிக் றிச்சாட் லீ நிலக்காட்சியைத் தீட்ட, கூப்பர் அதனுள் மாடுகளை இட்டு நிரப்பிய படங்களும் பல உண்டு. ஆலையை மறக்கச் செய்யும் படமே ஆலையின் தொழிற்பிரிவினை முறையில் உருவாயிற்று!

எனினும், கிராமத் துயரை அறியாத சீமானின் கண்ணோட்டம் இதுவென்று கூறுவாரின் கூற்று ஏற்புடைத்தன்று. பசியை அறிந்தவரே பசியற்ற உலகைத் தீட்டினார். வறுமையை அவர் மறந்துவிடவில்லை என்பதற்குப் படங்களுக்கு வெளியே சான்றுண்டு. கன்ரபரியில் தம் தாயின் இல்லம் இருந்த இடத்திலே ஓவியப் பள்ளியொன்றை அமைத்து, 1882இல் அதனை நகரசபைக்கு நன்கொடையாக்கினார். கைவினைத் தொழிலாளரிடம் பெயரளவான கட்டணமே அறவிட வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை.