டன் லீரி: ஊர்ப்பெயர் வரலாறு

டன் லீரி, அயர்லாந்தின் கிழக்குக் கரையில் டப்ளின் நகருக்குத் தெற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள துறைமுக ஊர். ஐரிஷ் மொழியில் இதன் பெயர் ஏறத்தாழ 'டூன் லேரெ' என ஒலிக்கும். 1821 முதல் 1920 வரை இவ்வூர் கிங்ஸ்டவுன் எனப்பட்டது. ஆட்சி மாற்றமும் மொழி மாற்றமும் ஓர் ஊர்ப்பெயரின் எழுத்துகளில் எப்படிப் பதிகின்றன என்பதற்கு இது சிறந்த சான்று.

பெயர்க்காரணம்

'டூன்' என்றால் கோட்டை. பெயரின் இரண்டாம் பகுதி, 5ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தின் பேரரசனாக இருந்ததாக மரபு கூறும் லோகரே மக் நீல் என்பவனைக் குறிக்கிறது. அவன் இங்கே கோட்டை கட்டிக் கடல்கடந்த படையெடுப்புகளை நடத்தினான் என்பது செவிவழி வரலாறு. அவன் பெயரின் வேர் 'கன்று' எனப் பொருள்படும் பழைய ஐரிஷ் சொல். எனவே அப்பெயருக்குக் 'கன்று மேய்ப்பவன்' என்று பொருள் கூறுவர். ஓ'லீரி என்ற குடும்பப் பெயரும் இதே வேரிலிருந்து வந்தது.

ஆங்கில வடிவம்

ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்ததைத் தம் மொழியின் வழக்கப்படி எழுதினர். டன்லேரி, டன்லீரி எனப் படிக்கத்தக்க எழுத்துக்கூட்டுகள் அவ்வாறு உண்டாயின. 'லீ' என்று இன்று படிக்கப்படும் இடத்தில் 'இ', 'ஏ' என்னும் இரு ரோமன் எழுத்துகள் உள்ளன. பழைய ஆங்கிலப் பேச்சில் இந்த இணை பெரும்பாலும் 'ஏ' என ஒலித்தது. பிறகே 'ஈ' ஆனது. ஐரிஷில் 'லே' ஒலியும் ஆங்கிலத்தில் 'லீ' ஒலியும் வழங்குவது இதனோடு பொருந்துகிறது.

கிங்ஸ்டவுன்

1807 நவம்பரில் டப்ளின் விரிகுடாவில் இரண்டு கப்பல்கள் புயலில் சிக்கி உடைந்து, ஏறக்குறைய 400 பேர் மாண்டனர். பாதுகாப்பான துறைமுகம் வேண்டுமென்ற கோரிக்கை வலுத்து, 1817இல் கட்டுமானம் தொடங்கியது. 1821 செப்டம்பரில் நான்காம் ஜார்ஜ் மன்னர் இங்கிருந்து கப்பலேறியதன் நினைவாக ஊருக்குக் கிங்ஸ்டவுன் எனப் பெயரிட்டனர். 1834இல் திறக்கப்பட்ட அயர்லாந்தின் முதல் ரயில் பாதையும் டப்ளின்–கிங்ஸ்டவுன் என்றே பெயர் பெற்றது. ஆங்கில 'டவுன்', ஐரிஷ் 'டூன்' ஆகிய இரண்டும் தொல்பழங்காலத்தில் உறவுடைய சொற்கள் என்பது மொழியியலார் கருத்து. புதுப்பெயரிலும் அரசனும் கோட்டைச் சொல்லின் உறவும் இருந்தன. மறைந்தது ஐரிஷ் மொழியே.

மீட்பும் எழுத்துச் சீர்திருத்தமும்

விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1920இல் நகர மன்றம் பழைய பெயரை மீட்டது. குவீன்ஸ்டவுன் துறைமுகம் கோவ் என மாறியதும் அதே ஆண்டில்தான். மீண்டு வந்தது ஆங்கில எழுத்துக்கூட்டு அன்று, ஐரிஷ் எழுத்துக்கூட்டு.

மன்னன் பெயரைக் குறிக்கும் பகுதியில் ஒன்பது ரோமன் எழுத்துகள் உள்ளன. ஒலிப்பதோ இரண்டே அசை. நடுவிலுள்ள 'ஜி', 'எச்' இரண்டும் தனித்து ஒலிப்பதில்லை. ஒருகாலத்தில் ஒலித்து, பின் தேய்ந்துபோன மெய்யின் தடம் அது. பழைய கேலிக் அச்செழுத்தில் இந்த 'எச்' கிடையாது; 'ஜி'யின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் போதும். 1940களின் எழுத்துச் சீர்திருத்தம் இத்தகைய ஊமை எழுத்துகளை நீக்கியது. அம்முறைப்படி இப்பகுதி ஆறெழுத்தாகச் சுருங்கும். அந்தக் குறுகிய வடிவமும் அவ்வப்போது வழங்கியது. ஆனால் ஊர்ப்பெயரில் நிலைத்தது நெடிய வடிவமே.

இன்றைய வழக்கு

ஊர்ப்பலகைகளில் ஐரிஷ் எழுத்துக்கூட்டு நிற்கிறது. அதைப் பார்த்துப் பெரும்பாலோர் 'டன் லீரி' என்கின்றனர். 1994இல் உருவான டன் லீரி–ராத்டவுன் மாவட்டமும் இப்பெயரையே தாங்குகிறது. பழைய கிராமம் இருந்த பக்கத்தில் 'ஓல்டு டன்லீரி' சாலை ஆங்கில எழுத்துக்கூட்டைக் காத்து வருகிறது. துறைமுகத்தருகே நான்காம் ஜார்ஜின் நினைவுத்தூண் இன்றும் உள்ளது.